மின்னணு விமானப் பை: விமானியின் ஆவணங்களும் மேகச் சேமிப்பும்

மின்னணு விமானப் பை என்பது, விமானி பறக்கும்போது உடன் வைத்திருக்க வேண்டிய வரைபடங்கள், கையேடுகள், கணக்கீட்டு அட்டவணைகள், சரிபார்ப்புப் பட்டியல்கள் ஆகியவற்றைத் தாளுக்குப் பதிலாகத் திரையில் காட்டும் கருவியும் அதிலுள்ள செயலிகளும் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது இஎஃப்பி என்றும் அழைக்கப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் ஒரு டேப்லெட் கணினி. அதில் உள்ள ஆவணங்களின் மூலப்படிகள் இணையத்தின் வழியே அணுகக்கூடிய மேகச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டு, அங்கிருந்து கருவிக்கு இறக்கப்படுகின்றன.

தாள் காலத்தில் விமானியின் சிக்கல் எடை. ஆவணம் கையில் இருக்கிறதா என்பதைப் பையைத் திறந்து பார்த்தே அறிந்துவிடலாம். மின்னணு ஆவணத்தில் எடை இல்லை. ஆனால் வேறு ஒரு சிக்கல் உண்டு. திரையில் தெரியும் படி இன்று செல்லுபடியாகும் படியா, அது கருவிக்குள் இருக்கிறதா அல்லது இணையத்தில் மட்டும் இருக்கிறதா என்பது பார்வைக்குத் தெரியாது. விமானியின் ஆவண ஒழுங்கு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகிறது.

தாள் பையிலிருந்து திரைக்கு

விமான வரைபடங்களின் வரலாறு ஒரு சிறிய குறிப்பேட்டிலிருந்து தொடங்குகிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்பசன், தாம் இறங்கிய ஓடுதளங்களின் நீளம், அருகிலுள்ள குன்றுகள், புகைபோக்கிகள், நீர்த்தொட்டிகள் ஆகியவற்றின் உயரம் போன்றவற்றை 10 சென்ட் விலையுள்ள கறுப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்காலத்தில் விமானிகளுக்கெனத் தனி வரைபடங்கள் அரிதாகவே இருந்தன. சாலை வரைபடங்களையும் இருப்புப்பாதைகளையும் பார்த்தே பலர் பறந்தனர். சக விமானிகள் அவரது குறிப்புகளைக் கேட்டு வாங்கத் தொடங்கியதும், 1934-இல் அவற்றைப் படியெடுத்து 10 டாலருக்கு விற்றார். அவர் பெயரிலேயே வளர்ந்த நிறுவனம் பின்னர் உலகின் முதன்மையான விமான வரைபட வெளியீட்டாளர்களில் ஒன்றானது.

குறிப்பேடு தடித்த கோப்பாகி, கோப்பு பெட்டியாகியது. 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் விமானி சுமந்த பை சுமார் 17 கிலோ எடை கொண்டதாக இருந்தது. திருத்தப்பட்ட பக்கங்கள் கட்டுக்கட்டாக வரும். பழைய தாளை உருவி எறிந்து புதிய தாளைச் செருகுவதற்கே விமானிகள் பல மணி நேரம் செலவிட்டனர். ஒரு தாள் இடம் மாறினாலும் அது தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் மின்னணு விமானப் பைக்கான வழிகாட்டுச் சுற்றறிக்கையை 2002-இல் வெளியிட்டது. முதலில் மடிக்கணினிகளும் விமானி அறையில் பொருத்தப்பட்ட திரைகளும் பயன்பட்டன. 2010-இல் ஐபேட் வந்த பின்னர் மாற்றம் விரைவானது. 2011-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு 11,000 ஐபேட்கள் வழங்குவதாக அறிவித்தது. ஒரு கருவி ஒரு விமானியின் ஏறத்தாழ 12,000 தாள்களுக்கு ஈடாகும் என்று அந்நிறுவனம் கூறியது. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் தாள் பையைக் கைவிட்டது. எடை குறைந்ததால் எரிபொருளும் மிச்சமானது.

ஆவணங்களின் வகைகள்

விமானி கையாளும் ஆவணங்களை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விமானியின் சொந்த ஆவணங்கள்: உரிமம், மருத்துவத் தகுதிச் சான்று, வானொலி இயக்க உரிமம், ஆங்கில மொழித் தேர்ச்சிப் பதிவு, கடவுச்சீட்டு, பறப்பு நேரப் பதிவேடு.

இரண்டாவது, விமானத்தின் ஆவணங்கள்: பதிவுச் சான்று, பறப்புத் தகுதிச் சான்று, எடை மற்றும் சமநிலை அறிக்கை, விமானக் கையேடு. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு, பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் ஒவ்வொரு விமானமும் பதிவுச் சான்று, பறப்புத் தகுதிச் சான்று, பணிக்குழுவினரின் உரிமங்கள், பயணப் பதிவேடு ஆகியவற்றை ஏற்றிச் செல்ல வேண்டும் என்கிறது. விமானத்தில் வானொலிக் கருவி இருந்தால் அதன் உரிமமும், பயணிகள் இருந்தால் அவர்களின் பட்டியலும், சரக்கு இருந்தால் அதன் விவரப் பட்டியலும் வேண்டும்.

மூன்றாவது, வழிசெலுத்தல் ஆவணங்கள்: வான்வழி வரைபடங்கள், தரையிறங்கும் முறை வரைபடங்கள், விமான நிலைய வரைபடங்கள்.

நான்காவது, அந்த ஒரு பறப்புக்கு மட்டும் உரியவை: பறப்புத் திட்டம், வானிலை அறிக்கை, சுமைத்தாள், நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அவசர அறிவிப்புகள்.

ஆவணத்தின் ஆயுள்

இந்த நான்கு தொகுதிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அவற்றின் ஆயுள். விமானப் பதிவுச் சான்று ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். பன்னாட்டு அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி பெற்றவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஐந்தாம் நிலை பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுபடி சோதிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. வணிக விமானியின் மருத்துவச் சான்று பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லும். வயதையும் பணியின் தன்மையையும் பொறுத்து அது 6 மாதமாகக் குறையும்.

வழிசெலுத்தல் வரைபடங்களின் ஆயுள் 28 நாள். உலகெங்கும் விமான நிலையங்கள், ஓடுதளங்கள், வானொலி அலைவரிசைகள், வான்வழிகள் ஆகியவற்றில் செய்யப்படும் திட்டமிட்ட மாற்றங்கள் ஏராக் என்னும் பொதுச் சுழற்சியின்படி ஒரே நாளில் நடைமுறைக்கு வருகின்றன. அந்த நாள் எப்போதும் வியாழக்கிழமை. ஒவ்வொரு சுழற்சிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது சுழற்சி என்பதையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 2501 என்பது 2025 ஜனவரி 23 அன்று தொடங்கிய சுழற்சி. ஆண்டுக்குப் பொதுவாக 13 சுழற்சிகள் வரும். அரிதாக, 2020-ஆம் ஆண்டைப் போல, 14 வரும்.

இரண்டு சுழற்சிகளுக்கு இடையில் திடீரென ஓடுதளம் மூடப்பட்டாலோ விளக்கு பழுதானாலோ அது நோட்டாம் வழியாக அறிவிக்கப்படும். ஆகவே சுழற்சி எண் சரியாக இருக்கும் வரைபடத்தையும் நோட்டாமுடன் சேர்த்தே படிக்க வேண்டும். விமான நிலைய வானிலை அறிக்கையின் ஆயுளோ இன்னும் குறைவு. அது அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும்.

மேகச் சேமிப்பகத்தின் பணி

மேகச் சேமிப்பகம் என்பது தொலைவிலுள்ள சேவையகங்களில் கோப்புகளை வைத்து, எந்தக் கருவியிலிருந்தும் அவற்றை அணுகும் வசதி. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், ஐகிளவுட் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. ஃபோர்ஃபிளைட் போன்ற விமானிகளுக்கான செயலிகள் வரைபடங்களைத் தங்கள் சேவையகத்திலிருந்தே கருவிக்கு இறக்கித் தருகின்றன.

இதன் பயன் தரையில்தான் பெரிது. ஒரு பயிற்சி நிறுவனத்தில் பத்து விமானங்களும் ஐம்பது மாணவர்களும் இருந்தால், கையேட்டின் புதிய திருத்தத்தை ஒரே இடத்தில் ஏற்றினால் போதும். எல்லாருக்கும் அது கிடைக்கும். டேப்லெட் உடைந்தாலும் தொலைந்தாலும் வேறொரு கருவியில் கணக்கைத் திறந்து ஆவணங்களை மீட்கலாம்.

ஆனால் மேகச் சேமிப்பகத்தை நம்பி விமானத்தில் ஏறக்கூடாது. சிறிய விமானங்களில் பறக்கும்போது பொதுவாக இணையம் இருக்காது. தொலைவான ஓடுதளங்களில் தரையிலும் இணைப்பு கிடைக்காமல் போகலாம். கோப்பின் பெயர் திரையில் தெரிவதால் கோப்பு கருவியில் இருக்கிறது என்று பொருள் அல்ல. பல செயலிகள் பெயரை மட்டும் காட்டி, தொடும்போதுதான் கோப்பை இணையத்திலிருந்து இறக்குகின்றன. கருவியில் இடம் குறையும்போது, அண்மையில் திறக்கப்படாத கோப்புகளின் உள்ளூர்ப் படியைத் தானாக நீக்கிவிடும் வசதியும் சில சேவைகளில் உண்டு. அடிக்கடி திறக்கப்படாத கோப்பு எது என்று பார்த்தால், அவசரகால நடைமுறைக் கையேடே அப்படிப்பட்டதாக இருக்கும்.

எனவே தேவையான ஒவ்வொரு கோப்புறைக்கும் இணையமின்றியும் கிடைக்குமாறு செய்யும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் கருவியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்து, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இந்த எளிய சோதனை வேறு எந்த அடையாளக் குறியையும் விட நம்பகமானது.

கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை

ஆவணங்களைப் பொருள்வாரியாக மட்டும் அடுக்காமல் ஆயுள்வாரியாகவும் பிரித்து வைப்பது பயன் தரும். மேலே கூறிய நான்கு தொகுதிகளுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் வைத்து, ஐந்தாவதாகக் காலாவதியானவற்றுக்கு ஒரு காப்பகம் வைக்கலாம். காப்பகக் கோப்புறையை மேகச் சேமிப்பகத்தில் மட்டும் வைத்து, பறக்கும் கருவிக்கு இறக்காமல் விட வேண்டும். பழைய படி கையில் இல்லையென்றால் அதைத் தவறாகத் திறக்கும் வாய்ப்பும் இல்லை.

கோப்புப் பெயரிலேயே நாளும் திருத்த எண்ணும் இருக்க வேண்டும். நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். இரண்டு எடுத்துக்காட்டுகள்:

- விமானக் கையேடு_திருத்தம் 07_2025-01-23
- மருத்துவச் சான்று_முடிவு 2026-03-14

முதல் பெயரில் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் உள்ளது. இரண்டாவதில் சான்று முடியும் நாள் உள்ளது. கோப்பைத் திறக்காமலே அது செல்லுமா என்பதை அறியலாம். புதியது, கடைசி, மிகக் கடைசி என்பன போன்ற பெயர்கள் ஆறு மாதம் கழித்து எதையும் சொல்லாது.

ஒரு கோப்பை இரண்டு கருவிகளில் இணைப்பின்றித் திருத்தினால், பின்னர் இணையம் கிடைக்கும்போது சேவை இரண்டு முரண்பட்ட படிகளை உருவாக்கக்கூடும். பறப்பு நேரப் பதிவேட்டை விரிதாளில் எழுதுவோருக்கு இது அடிக்கடி நேரும். ஒரே கருவியில் மட்டும் எழுதுவது, மற்றவற்றில் படிக்க மட்டும் செய்வது என்ற வழக்கம் இதைத் தவிர்க்கும்.

பழைய எண் செய்த கேடு

பழைய தகவல் புதியதன் இடத்தில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் நடந்த விபத்து சான்று. எம்கே ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் வந்து, மேலும் சரக்கும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் புறப்பட்டது. புறப்பாட்டு வேகத்தையும் உந்துவிசையையும் கணக்கிடப் பணிக்குழுவினர் மடிக்கணினி நிரல் ஒன்றைப் பயன்படுத்தினர்.

விமானத்தின் உண்மையான எடை 350 டன்னுக்கும் மேல். ஆனால் பிராட்லியில் புறப்பட்டபோது இருந்த சுமார் 240 டன் எடையே கணக்கில் பயன்பட்டிருக்க வேண்டும் எனக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. முந்தைய பறப்பின் எண் நிரலுக்குள் இருந்து மீண்டும் வந்து அமர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணக்கு பிழையின்றி நடந்தது. உள்ளே போன எண்தான் தவறு. போதிய வேகமும் உந்துவிசையும் இன்றி விமானத்தின் வால் ஓடுதளத்தில் மோதியது. ஓடுதளத்தைத் தாண்டியிருந்த மண் மேட்டில் இடித்து விமானம் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். பணிக்குழுவினரின் கடும் களைப்பும் ஒரு காரணியாகக் குறிப்பிடப்பட்டது.

களைத்த மனிதர் திரையில் தெரிவதை நம்பிவிடுவார். எனவே ஒரு பறப்புக்குரிய சுமைத்தாளும் கணக்கீடும் அந்தப் பறப்பு முடிந்தவுடன் வேலைக் கோப்புறையிலிருந்து அகற்றப்பட வேண்டும். அடுத்த பறப்பு வெறுமையான கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் கணக்கிட்டதை மற்றவர் மூல ஆவணத்தைப் பார்த்துத் தனியே கணக்கிட்டு ஒப்பிடுவதும் இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

இரண்டு கருவிகள், ஒரே பிழை

விமானிகள் இருவரிடமும் ஆளுக்கொரு கருவி இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும் என்பது பொதுவான எண்ணம். 2015 ஏப்ரல் 28 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்களில் இந்த எண்ணம் சோதனைக்கு உள்ளானது. விமானிகளின் ஐபேட்களில் வரைபடச் செயலி திடீரென நின்றுபோனது. தரவுத்தளத்தில் வாஷிங்டனின் ரீகன் தேசிய விமான நிலையத்துக்கு ஒரே வரைபடம் இரண்டு முறை இடம்பெற்றதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இரு விமானிகளின் கருவிகளிலும் ஒரே தரவுத்தளம் இருந்ததால், ஒன்று நின்றபோது மற்றொன்றும் நின்றது.

பல டஜன் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் இணைய இணைப்புக்காக முனைய வாயிலுக்கே திரும்பின. செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவது தீர்வாக இருந்தது. தரவுத்தளம் திருத்தப்படும் வரை, அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைச் செயலிக்கு வெளியே பிடிஎஃப் கோப்பாகப் பயன்படுத்துமாறு விமானிகளுக்குக் கூறப்பட்டது.

ஒரே மூலத்திலிருந்து எடுத்த இரண்டு படிகள் மூலத்தின் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே புறப்படும் நிலையம், சேரும் நிலையம், மாற்று நிலையம் ஆகியவற்றின் வரைபடங்களையாவது எளிய பிடிஎஃப் வடிவில் வேறொரு செயலியில் வைத்திருப்பதோ அச்சிட்டு வைத்திருப்பதோ நல்ல காப்பு. புறப்படுவதற்குச் சற்று முன் இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்காமல், ஒன்றைப் புதுப்பித்துச் சோதித்த பிறகு மற்றொன்றைப் புதுப்பிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

காப்புப் படியும் ஒத்திசைவும்

ஒத்திசைவு என்பது எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையை வைத்திருப்பது. காப்புப் படி என்பது மூலம் கெட்டாலும் கெடாமல் இருப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், எல்லாக் கருவிகளிலும் அது அழிந்துவிடும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் மட்டுமே இருக்கும்.

இதில் மிகவும் இழப்புக்குரியது பறப்பு நேரப் பதிவேடு. கையேட்டை வெளியீட்டாளரிடம் மறுபடி பெறலாம். வரைபடத்தை மறுபடி இறக்கலாம். பதிவேட்டை வேறு யாரும் முழுமையாக மீட்டுத்தர முடியாது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பும், விமான நிறுவனங்களில் தலைமை விமானியாவதற்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரமும் காட்டப்பட வேண்டும். அந்த நேரம் ஒவ்வொன்றும் விமானியின் உழைப்பும் செலவும் ஆகும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதி இங்குப் பொருந்தும். தாள் பதிவேடு, மேகச் சேமிப்பகத்தில் அதன் பக்கங்களின் படங்கள், வீட்டில் உள்ள தனி வன்தட்டில் இன்னொரு படி என்று மாதம் ஒருமுறை சேமித்தால் போதும்.

பாதுகாப்பும் சட்டநிலையும்

உரிமம், கடவுச்சீட்டு, மருத்துவச் சான்று ஆகியவற்றில் தனிப்பட்ட விவரங்கள் உள்ளன. கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பும் கருவிக்குத் திரைப்பூட்டும் அவசியம். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்னும் பகிர்வு முறையில் இவற்றை வைக்கக்கூடாது. பயணிகள் பட்டியலை விமானியின் சொந்தக் கணக்கில் சேமிப்பதும் முறையன்று.

உரிமத்தின் படம் உரிமம் ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது. ஆவணத்தை மின்னணு வடிவில் காட்டலாமா என்பதை அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பே முடிவு செய்கிறது. இந்தியா 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு உரிமத்தை அறிமுகப்படுத்தியது. இது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இஜிசிஏ செயலியில் கிடைக்கிறது. இவ்வாறு அதிகாரப்பூர்வமாக வழங்கப்படும் மின்னணு உரிமம் வேறு. தாள் உரிமத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது வேறு. பின்னது மீட்புக்கு மட்டுமே உதவும்.

பறப்புக்கு முந்தைய சரிபார்ப்பு

- கருவியின் மின்கலம் முழுமையாக நிரம்பியுள்ளதா, கூடுதல் மின்வங்கி உள்ளதா?
- வரைபடச் சுழற்சி எண் இன்றைய நாளுக்குப் பொருந்துகிறதா? பறப்பு வியாழக்கிழமை நள்ளிரவைக் கடக்குமானால் அடுத்த சுழற்சியும் இறக்கப்பட்டுள்ளதா?
- விமானக் கையேட்டின் திருத்த எண் விமானத்தின் ஆவணப் பட்டியலுடன் ஒத்துப்போகிறதா?
- முந்தைய பறப்பின் சுமைத்தாளும் கணக்கீடும் அகற்றப்பட்டனவா?
- இணையத்தை அணைத்த நிலையில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா?
- செயலி நின்றுபோனால் பயன்படுத்த வேறு வடிவிலான படி உள்ளதா?

கருவியின் வெப்பமும் கவனத்துக்குரியது. ஐபேட் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. கண்ணாடி வழியே நேர் வெயில் படும் விமானி அறையில் அது எச்சரிக்கை காட்டி நின்றுவிடக்கூடும். சிறு விமானத்தை வெயிலில் நிறுத்தும்போது கருவியை உள்ளே விட்டுச் செல்லாமல் இருப்பதே எளிய தீர்வு.

ஜெப்பசனின் குறிப்பேட்டில் இருந்தவை அவரே நேரில் பார்த்து எழுதியவை. இன்றைய விமானியின் கருவியில் உள்ள ஆயிரக்கணக்கான பக்கங்கள் பிறர் தொகுத்து, இணையம் வழியே அனுப்பியவை. அவை இன்றைக்குரியவை என்று உறுதிசெய்யும் பொறுப்பு மட்டும் அன்றுபோல் இன்றும் விமானியிடமே உள்ளது.